பொருள் தேடிக் கற்றல்

மும்பையில் மழை தொடங்கும் நாளும் கல்லூரிகள் திறக்கும் நாளும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்துவிட்டன. ஆனித் திங்கள் பிறந்ததும் குடையும் கையுமாக நம்மைத் தேடி வருகின்றவர்களுள் பெரும்பாலோர், பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த மகிழ்ச்சியையும் கட்டணச் சீட்டைக் கண்ட கலக்கத்தையும் ஒரே முகத்தில் சுமந்து வருகின்றவர்கள். தாராவியிலிருந்து வருவார்கள்; சயான் கோலிவாடாவிலிருந்து வருவார்கள்; மின்வண்டியில் முலுந்திலிருந்தும் வருவார்கள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் 1972 முதல் 2008 வரை ஆசிரியப் பணி புரிந்து ஓய்வுற்ற நமக்கு, சங்கத்தார் ஒரு மேசையையும் இரண்டு நாற்காலிகளையும் கொடுத்து, "உதவித்தொகை விண்ணப்பங்களை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா" என்று ஒப்படைத்தனர். அன்று தொட்டுக் கண்டவற்றுள் சிலவற்றை இம்மலரில் எழுதி வைத்தல் தகும் என்று கருதுகிறோம்.

கல்லூரிச் செலவு என்றதும் பயிற்றுக் கட்டணம் ஒன்றையே நினைப்பது வெளியே நின்று பார்ப்பவரின் வழக்கம். உள்ளே நுழைந்தவருக்குத் தெரியும், அது செலவின் தலைவாயில் மட்டுமே என்பது. காப்புத்தொகை, தேர்வுக் கட்டணம், ஆய்வுக்கூடக் கட்டணம், விடுதி, உணவு, மின்வண்டிப் பருவச்சீட்டு, இந்நாளில் கட்டாயமாகிவிட்ட மடிக்கணினி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். இவற்றுள் பலவற்றுக்கு எந்த உதவித்தொகையிலும் இடமில்லை. அதனினும் பெரிய இடர்ப்பாடு காலத்தைப் பற்றியது. கட்டணம் ஆடியிலே கேட்கப்படுகிறது. உதவித்தொகையோ மாசியிலோ பங்குனியிலோ வங்கிக் கணக்கில் வந்து சேர்கிறது. சில ஆண்டுகளில் அடுத்த ஆடியும் கடந்த பின்னரே வந்ததுண்டு. பணம் வரும் என்பது உறுதி. ஆயினும் அது வரும்வரை மாணவனைப் பெயர்ப்பட்டியலில் நிறுத்தி வைப்பது யார் பொறுப்பு? ஏழைப் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பு முறிவது பெரும்பாலும் உதவியின்மையால் அன்று, உதவி காலந்தாழ்ந்து வருவதனால்தான் என்பது இத்தனை ஆண்டுகளில் நாம் கண்டறிந்த செய்தி.

கற்பிக்கும் ஆசானுக்குப் பொருள் கொடுத்தேனும் கற்க வேண்டும் என்று பாண்டிய மன்னன் ஒருவன் புறநானூற்றில் பாடியிருக்கிறான். பொருளில்லாதவன் என் செய்வது என்பதை மன்னன் பாட்டில் எதிர்பார்த்தல் முறையன்று. அக்கேள்விக்கு விடை தேடியவர்கள் பிற்காலத்தவர். நம்முடைய கணிதமேதை இராமானுசன் 1904-ஆம் ஆண்டு குடந்தை அரசினர் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கிப் பிற பாடங்களில் தவறியதால் அதை இழந்தார். பின்னர்ச் சென்னையில் இன்னொரு கல்லூரியிலும் இடைநிலைத் தேர்வு கைகூடவில்லை. நெல்லூர் மாவட்ட ஆட்சியராயிருந்த இராமச்சந்திர ராவ் திங்கள்தோறும் ரூ.25 அளித்துக் காத்தார். 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் ரூ.30 சம்பளத்தில் எழுத்தர் வேலை. 1913-இல்தான் சென்னைப் பல்கலைக்கழகம் திங்களுக்கு ரூ.75 என்று ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கிற்று. எல்லாப் பாடத்திலும் தேர்ந்தால்தான் பணம் என்ற விதியை எழுதியவர் தீயவர் அல்லர். ஆயிரம் மாணவர்க்குப் பொருந்தும் விதியையே எழுதினார். அந்த ஆயிரத்தொருவன் வந்தபோது விதிக்குக் கண் இல்லை. கண்ணுள்ள மனிதர் ஒருவர் வேண்டியிருந்தது.

அதே 1913-ஆம் ஆண்டில், இந்த மும்பையில் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்ற அம்பேத்கர் என்னும் இளைஞர், பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையால் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கப்பலேறினார். திங்களுக்குப் பதினொன்றரைப் பவுன், மூன்றாண்டுகளுக்கு. படித்து முடித்து வந்து பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது உடன்படிக்கை. அவ்வாறே 1917-இல் பணியாற்றச் சென்றவருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. தீண்டாமை அவரைத் துரத்திற்று. படிக்கப் பணம் கொடுத்த அரசாலும், குடியிருக்க இடம் கொடுக்க முடியவில்லை! உதவித்தொகையால் ஆவதும் ஆகாததும் இந்த ஒரு வரலாற்றுக்குள் அடங்கியிருக்கின்றன. மராட்டிய மண்ணில் கோலாப்பூர்ச் சாகு மன்னர் 1901 முதல் மாணவர் விடுதிகளைத் தோற்றுவித்ததும் இக்கருத்து பற்றியே என்று கொள்ளலாம். நாட்டுப்புறத்துப் பிள்ளைக்குப் பாடத்தினும் முன்னதாக வேண்டுவது படுக்க ஓர் இடமும் இருவேளைச் சோறும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இந்நகரத்துச் செல்வர்களையும் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஜாம்ஷெட்ஜி டாட்டா 1892-இல் நிறுவிய அறக்கட்டளை, வெளிநாடு சென்று உயர்கல்வி பெறுவோர்க்குக் கடனாகப் பொருள் உதவி வருகிறது. கேரளத்தில் நாளும் பதினைந்து கிலோமீட்டர் நடந்து பள்ளி சென்று, கட்டணம் செலுத்த இயலாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்ட கே. ஆர். நாராயணன் இலண்டனுக்குப் போய்ப் படித்தது டாட்டா உதவித்தொகையால்தான். வகுப்பு வாசலில் நிறுத்தப்பட்ட அவர் 1997-இல் குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் நுழைந்தார்.

நம் சொந்தக் கதையும் இதில் ஒரு சிறு பங்குடையது. நெல்லைச் சீமையில் பனையேறும் குடும்பமொன்றில் பிறந்த நாம் 1967-இல் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது, 1963-இல் தொடங்கப்பட்டிருந்த தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டம் நடைமுறையில் இருந்தது. வட்டியில்லாக் கடன், ஆண்டுக்கு ரூ.720. தாசில்தாரிடம் வருமானச் சான்று வாங்க நம் தந்தையார் மூன்று முறை நடந்தார். மூன்றாம் முறை கருப்பட்டிச் சிப்பம் ஒன்றும் உடன் சென்றது என்பதைப் பின்னரே அறிந்தோம். ஈடு நின்று கையெழுத்திட்டவர் தாய்மாமன். "படிச்சுட்டு ஓடிப் போயிராதடே, என் வயல் போயிரும்" என்று அவர் சொல்லியது சிரிப்பாகத்தான். ஆனால் கையெழுத்திடும்போது அவர் கை நடுங்கியதை நாம் பார்த்தோம். மூன்றாண்டில் கடன் ரூ.2,160 ஆயிற்று. அத்திட்டத்தில் ஓர் அரிய விதி இருந்தது. கடன் பெற்றவர் ஆசிரியப் பணியை மேற்கொண்டால், பணியாற்றும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கடனில் பத்திலொரு பங்கு தள்ளுபடி. மும்பைக்கு வந்து கரும்பலகை முன் நின்ற ஒவ்வோர் ஆண்டும் ரூ.216 நம் தலையிலிருந்து இறங்கிற்று. 1982-இல் முழுதும் தீர்ந்தது. அவ்வாண்டு ஊருக்குப் போனபோது மாமனிடம் சொன்னோம். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அப்ப இனி வயலை விக்கலாம்னு சொல்லு" என்றார். கடனைத் தொண்டால் கழிக்கலாம் என்னும் அவ்விதி மீண்டும் வருமாயின் எத்துணையோ நன்று என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். மும்பைத் தமிழர்க்கே உரிய ஒரு சிக்கலை இங்கு விரித்துச் சொல்ல வேண்டும். ஏனையோர் இதைப் பற்றி எழுதுவதில்லை.

பட்டியல் இனத்து மாணவர்க்கான மேல்நிலைக் கல்வி உதவித்தொகை 1944-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. நாட்டின் உதவித்தொகைகளுள் மூத்தது என்றே சொல்லலாம். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஐந்தாண்டுகளுக்கு ரூ.59,048 கோடித் திட்டமாக அதைப் புதுப்பித்து, அதில் நூற்றுக்கு அறுபது பங்கை மத்திய அரசு ஏற்கும் என்று முடிவு செய்தது. குடும்ப ஆண்டு வருமான வரம்பு ரூ.2.5 லட்சம். கேட்கும்போது காதுக்கு இனிதாகத்தான் இருக்கிறது. ஆனால் மாணவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநில அரசே உதவித்தொகையை வழங்கும் என்பது விதி. தாராவியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவள்?

சாதிச் சான்றிதழ் கேட்டு மகாராஷ்டிர அலுவலகத்துக்குப் போனால், பட்டியல் இனத்தவர் என்றால் 1950 ஆகஸ்டு 10-ஆம் நாளுக்கு முன் குடும்பம் இம்மாநிலத்தில் வாழ்ந்ததற்கு ஆவணம் காட்டுக என்பார்கள். குடியரசுத் தலைவரின் பட்டியல் ஆணை வெளியான நாள் அது. பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பார்க்கு இங்குக் கேட்கப்படும் நாள் 1967 அக்டோபர் 13. அதற்குப் பின் குடிபெயர்ந்தவர் தம் பழைய மாநிலத்துக்குரிய பட்டியல் உரிமையைப் புதிய மாநிலத்துக்குக் கொண்டுவர இயலாது. ஆந்திரத்தில் பழங்குடியாகப் பட்டியலிடப்பட்ட இனத்து மாணவர் ஒருவர் தந்தையின் வேலை காரணமாக இளமையிலேயே மும்பைக்கு வந்து இங்கே மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்ட வழக்கில், 1990-இல் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இவ்வாறே தீர்ப்பளித்தது. சரி, ஊருக்குப் போய்க் கேட்கலாம் என்று நெல்லைக்கு இரயிலேறினால், "நாற்பது ஆண்டாக நீங்கள் இங்கே குடியில்லையே" என்பார்கள். தமிழ்நாடு 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், 2024-இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டமும் திங்களுக்கு ரூ.1,000 வழங்க வகுக்கப்பட்டவை. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அம்மாநிலப் பள்ளிகளில் பயின்றிருத்தல் வேண்டும். மும்பை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் தமிழிலேயே படித்த பிள்ளைக்கு அதில் இடமில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மாநில அரசு தன் எல்லைக்குள்தான் திட்டம் வகுக்கும். ஆனால் இரண்டு எல்லைக்கும் நடுவே நிற்பவர்களின் எண்ணிக்கை கொஞ்சமன்று.

தோல் பதனிடும் தொழிலுக்காகப் பாட்டன் காலத்தில் வந்த குடும்பம் ஒன்று. தந்தை இட்டலி வியாபாரம். மகளுக்குப் பொறியியற் கல்லூரியில் இடம். அவர் நம் மேசைக்கு எதிரே அமர்ந்து கேட்டார்: "அண்ணாச்சி, நானும் இங்கே பொறந்தவன், எங்கய்யாவும் இங்கே பொறந்தவரு. பின்ன நாங்க எந்த ஊருக்காரங்க?" அரசு கேட்பது பிறந்த கதையை அன்று, காகிதத்தை. வீட்டிலே பிறந்த பிள்ளைக்கு 1948-இல் யார் பதிவு செய்தார்கள்? குடும்பத்தாரைத் துருவிக் கேட்டதில், அவர் பாட்டனாரின் தமையன் மகன் ஒருவர் சிறுவயதில் சில மாதம் மாநகராட்சிப் பள்ளிக்குப் போனதாக ஒரு கிழவி நினைவு கூர்ந்தார். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை மராத்தியர். பழைய பொதுப் பதிவேடுகளைப் பரணிலிருந்து இறக்கி, கரையான் தின்ற ஓரங்களைத் தட்டி, இரண்டு பிற்பகல்கள் நம்முடன் அமர்ந்து தேடினார். 1949 ஜூன் மாதச் சேர்க்கையில் பெயரும், தந்தை பெயரும், சாதியும் மோடி எழுத்துச் சாயலில் எழுதப்பட்டுக் கிடந்தன. "மிளாலா!" என்று அவ்வம்மையார் கூவியது, கிடைத்துவிட்டது என்று பொருள்படும் மராத்திச் சொல், இன்றும் நம் காதில் இருக்கிறது. அச்சாதி இரு மாநிலப் பட்டியலிலும் இருந்தது அவர்களுடைய நற்பேறு. பிறகும் சான்றிதழின் செல்லுபடியை ஆராயும் குழுவுக்குப் போக வேண்டியிருந்தது. மறு ஆண்டு பங்குனியில்தான் அது கைக்கு வந்தது. அதுவரை முதலாண்டுக் கட்டணத்தைப் பலரிடம் கைமாற்றாகத் திரட்டிக் கட்டினோம்.

எல்லார்க்கும் இப்படி வாய்ப்பதில்லை. இன்னொரு குடும்பத்தின் பழைய குடும்ப அட்டையும் வாடகைச் சீட்டும் 2005 ஜூலை 26 வெள்ளத்தில் இரும்புப் பெட்டியோடு ஊறிக் கூழாயின. அவர்கள் பிள்ளைக்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று. வழியில்லாமலும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தத்தம் வாரியத்தின் எண்பதாம் விழுக்காட்டு நிலைக்கு மேல் நின்று, குடும்ப வருமானம் ரூ.4.5 லட்சத்துக்கு உட்பட்டால், சாதியோ மாநில வழியோ கேளாமல் ஆண்டுக்கு ரூ.12,000 தரும் மத்திய உதவித்தொகை உண்டு. ஆண்டுதோறும் 82,000 புதியவர்களுக்கு இடம். தொழில்நுட்பக் கல்வி பயிலும் பெண்களுக்கு, வருமான வரம்பு ரூ.8 லட்சத்துக்குள் ஆண்டுக்கு ரூ.50,000 வழங்கும் பிரகதி உதவித்தொகை உண்டு. இவற்றை 2015-இல் திறக்கப்பட்ட தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மகாராஷ்டிர அரசும் 2024-25 கல்வியாண்டு முதல், வருமானம் ரூ.8 லட்சத்துக்கு மேற்படாத பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு, பிற்படுத்தப்பட்ட பிரிவு மாணவியர்க்குத் தொழிற்கல்வியின் பயிற்றுக் கட்டணத்தையும் தேர்வுக் கட்டணத்தையும் முழுமையாக ஏற்றது. விடுதிச் செலவு அதில் அடங்காது என்பதைப் பெற்றோர் பலர் சேர்ந்த பிறகே தெரிந்துகொள்கிறார்கள்.

விண்ணப்பித்துவிட்டால் வேலை முடிந்தது என்று கருதுவது பெரும்பிழை. கல்லூரி அலுவலகம் அதைச் சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் உண்டு. மாணவன் பெயர் ஆதாரில் ஓர் எழுத்தும், மதிப்பெண் பட்டியலில் வேறோர் எழுத்துமாக இருப்பது தமிழர்க்கு நேரும் தனித் தொல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இடும் நம் வழக்கம், குடும்பப்பெயர் கேட்கும் கட்டத்தின் முன் திகைத்து நிற்கிறது. ஒரு பையனுக்குப் பள்ளியில் ஊர்ப்பெயரையும், வங்கியில் தந்தை பெயரையும், ஆதாரில் இரண்டையும் எழுதி வைத்திருந்தார்கள். அவன் ஒருவனே மூவராகி, மூவருக்கும் பணம் வராமற் போயிற்று! பிரமாணப் பத்திரம் எழுதித் திருத்த ஒரு பருவம் கழிந்தது.

கடன் வாங்கிப் படிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மவர் பலருக்கு வங்கிக் கடன் என்றால் அச்சம். சிலருக்கோ அச்சமே இல்லை. இரண்டும் தீது. கணக்குப் போட்டுப் பார்ப்பதே நன்று. நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டின் தொடக்கந்தோறும் ஒரு லட்சமாக நான்கு லட்சம் வாங்கி, நூற்றுக்குப் பத்து வட்டி என்று வைப்போம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை. ஆயினும் வட்டி உறங்குவதில்லை. தனிவட்டியாகவே எண்ணினாலும், முதல் லட்சத்துக்கு ஐம்பதாயிரம், இரண்டாவதற்கு நாற்பது, மூன்றாவதற்கு முப்பது, நான்காவதற்கு இருபது என்று ரூ.1,40,000 சேர்ந்துவிடும். தவணை தொடங்கும் நாளில் பிள்ளையின் தோளில் இருப்பது ரூ.5,40,000. இதைத் தாளில் எழுதிப் பெற்றோர் பிள்ளை இருவர்க்கும் காட்டாமல் நாம் எந்த வங்கி விண்ணப்பத்தையும் தொடுவதில்லை. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களில் சேர்வோர்க்கு ஈடும் பிணையாளும் இன்றிக் கடன் கிடைக்கும், ரூ.8 லட்சம் வரை வருமானமுள்ள, வேறு உதவி பெறாத குடும்பத்தார்க்கு, தவணை தொடங்கும்வரை வட்டியில் மூன்று விழுக்காடு தள்ளுபடி. தாய்மாமன் வயலை ஈடு வைக்கும் காலம் சிலர்க்கேனும் போயிற்று. அப்பட்டியலில் இல்லாத கல்லூரியில் பல லட்சம் கடன் பட்டுச் சேர்வதை நாம் ஊக்குவிப்பதில்லை. அதற்காக நம்மோடு முகங்கொடுத்துப் பேசாமற் போன தந்தையரும் உண்டு.

தனியார் அறக்கட்டளைகளுக்கு எழுதும் கடிதம் ஒரு தனிக்கலை. பிள்ளைகள் எழுதிவரும் முதற்படி ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். குடும்பம் வறுமையில் வாடுகிறது, கருணை உள்ளத்தோடு காப்பாற்றுங்கள், வாழ்நாள் முழுதும் கடமைப்பட்டிருப்பேன். யாரோ அவர்களுக்கு ஏழ்மையை அழுகையாகவே எழுதப் பழக்கிவிட்டார்கள். நாம் அத்தாளை மடித்து வைத்துவிட்டு, அப்பா ஒரு நாளைக்கு எத்தனை இட்டலி விற்கிறார், மாவுக்கு எவ்வளவு, அறை வாடகை எவ்வளவு, மாதம் எத்தனை நாள் மழையால் கடை இல்லை என்று கேட்போம். முதலில் கூசுவார்கள். பிறகு எண்கள் வரும். அவ்வெண்களை மட்டுமே எழுதச் சொல்வோம். கல்லூரி கேட்கும் தொகை, வீட்டால் முடிந்த தொகை, எஞ்சிய தொகை. அழுகைக் கடிதத்தில் ஆயிரம் பிள்ளைகளுக்கும் ஒரே முகம்; கணக்குக் கடிதத்தில் ஒவ்வொருவர்க்கும் தத்தம் முகம். இட்டலிக்காரர் மகளை நேர்காணலுக்கு அழைத்த அறக்கட்டளையில், "உன் கணக்கில் எரிவாயுச் செலவு விடுபட்டிருக்கிறதே" என்று கேட்டார்களாம். "நாங்க விறகுதான் சார்" என்றாளாம் அவள். எஞ்சிய தொகை முழுவதையும் கொடுத்தார்கள்.

இதே பெண்ணைப் பற்றித்தான் சங்கத்தில் ஒரு வாக்குவாதமும் எழுந்தது. ஆண்டுவிழா மேடையில் அவளை ஏற்றி, பொன்னாடை போர்த்தி, பெரிய அட்டையில் எழுதிய காசோலையைக் கையில் கொடுத்துப் படம் எடுக்க வேண்டும் என்றனர் அன்பர் சிலர். நன்கொடையாளர்க்கு அது ஊக்கமாகும் என்பது அவர்கள் வாதம், பொய்யுமன்று. அவள் வந்து, "ஐயா, என் கூடப் படிக்கிறவங்க அந்த விழாவுக்கு வருவாங்க. பணம் வேண்டாம்னு சொல்லிரட்டுமா?" என்று கேட்டாள். நாம் செயற்குழுவில் அதைச் சொன்னோம். இரண்டு கூட்டம் நடந்தது. சிலர் எழுந்தே போயினர். முடிவில், பரிசு பெறுவோர் மேடைக்கு வரலாம், உதவி பெறுவோர் பெயர் வெளியிடப்படாது என்று தீர்மானம் எழுதப்பட்டது. அவ்வாண்டு நன்கொடை குறைந்தது உண்மை. மறு ஆண்டு, சங்கத்தால் முன்பு படித்த ஒருவர் தம் பெயரும் வெளியிடப்படக் கூடாதென்ற ஒரே நிபந்தனையோடு ஒரு தொகை அனுப்பினார்.

அத்தொகையைக் கொண்டுதான் சங்கத்தில் இப்போது கைமாற்று நிதி ஒன்று நடக்கிறது. ஆடியில் கட்டணத்தைக் கல்லூரிக்கே நேராகச் செலுத்திவிடுவோம். உதவித்தொகை வரும்போது மாணவர் திருப்பித் தருவார். வட்டியில்லை; ஈடுமில்லை. ஒரு நீலப் பதிவேட்டில் தொகையும் தேதியும் மட்டும் எழுதுகிறோம். திரும்பாத தொகை இல்லாமலில்லை. அவற்றுக்கு நேரே எதுவும் எழுதுவதில்லை. இம்மலரின் விளம்பர வருவாயில் அச்சுக்கூலி போக எஞ்சுவதும் அந்நிதிக்கே சேரும். சங்க அறை சனிக்கிழமை மாலை நான்கு முதல் எட்டு மணி வரை திறந்திருக்கும். வருவோர் வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல், கட்டணச் சீட்டு, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் மூலங்களோடு, வீட்டில் எத்தகைய பழைய காகிதம் இருந்தாலும் அதையும் எடுத்து வருக.